நம்பர் போட்டால் வரிசை ஆகிவிடுமா?

2010 ஜனவரி 12. நொய்டாவில் பல் கிட்டிப்போகும் குளிர். அன்று ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் பொங்கலன்று காலை சென்னை. தங்கமணி மூட்டை கட்டி முடித்துவிட்டார். மதியம் ஆபீஸில் யாரோ ஒரு சர்வரை ரீபூட் செய்தார்கள். அது எழுந்திருக்கவே இல்லை. நானும் ரயிலேறவில்லை. அந்தக் கோபத்தைக் கொட்டத்தான் இந்தப் பதிவு. பொட்டி தட்டாதவர்களும் படிக்கலாம், கல்யாணப் பந்தியில் சாப்பிட்டிருந்தால் போதும் :-)

முதலில் கொஞ்சம் பாடம். யூனிக்ஸ் வகை இயந்திரம் எழும்போது சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். டிஸ்க்கைச் சோதி, மவுண்ட் செய், நெட்வொர்க்கை எழுப்பு, இப்படி. ஏதாவது கோளாறு என்றால் நுழைய ஒரு பின்வாசல் உண்டு. அதுதான் சிங்கிள் யூசர் மோட். மற்ற சேவைகள் எதுவும் வராது. அட்மின் மட்டும் உள்ளே போய்ப் பழுது பார்க்கலாம்.

அன்றைய டெபியனில் ஆர்சிஎஸ்.டி என்ற டைரக்டரியில் இருப்பதெல்லாம் சாதாரண பூட்டிலும் ஓடும், சிங்கிள் யூசரிலும் ஓடும். வரிசை? பெயருக்கு முன்னால் ஒரு எஸ், ஒரு நம்பர். ரூட் டிஸ்க் சோதனை எஸ்10. மற்ற டிஸ்க்குகளை மவுண்ட் செய்வது எஸ்35. நெட்வொர்க் எஸ்40.

எங்கள் புண்ணியவான் ஒருவர், நெட்வொர்க் டிஸ்க் வரும்வரை காத்திருக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை அங்கே போட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓடட்டும் என்று எஸ்100 என்று பெயர் வைத்திருந்தார். நூறு கடைசிதானே? அதுதான் இல்லை! இங்கே கம்ப்யூட்டர் எண்ணாகப் பார்ப்பதில்லை, அகராதி போல இடமிருந்து வலமாக ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கிறது. பத்துக்கு அடுத்த இடத்தில் இவருக்கு இன்னொரு பூஜ்யம். எஸ்10க்கோ அங்கே ஆங்கில எழுத்து. இலக்கம் எழுத்தை முந்தும். ஆக, நூறு பத்துக்கும் முன்னால் ஓடியது. நாற்பதில் வரப்போகும் நெட்வொர்க்குக்காக அங்கேயே உட்கார்ந்து தவம் கிடந்தது.

சரி, சிங்கிள் யூசரில் நுழையலாம் என்றால் அங்கேயும் அதே டைரக்டரி, அதே தவம். மாற்றுச் சாவியையும் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. கடைசியில் கெர்னலிடம் இனிட்டே வேண்டாம், வெறும் ஷெல்லைக் கொடு என்று கேட்டு, ரூட் டிஸ்க்கை எழுதும்படி ரீமவுண்ட் செய்து, அந்த லிங்க்கை அழித்தேன். அதற்குள் வண்டி ஆக்ராவைத் தாண்டியிருக்கும்.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை. நம்பர் முறை மேல்தான் கோபம். நம்பர் "எப்போது" என்று சொல்லும், "ஏன்" என்று சொல்லாது. பந்தியில் பரிமாறுகிறவரிடம் "சாம்பார் 40" என்றா சொல்கிறோம்? சோறு விழுந்த பிறகு சாம்பார் என்கிறோம். நடுவில் பருப்பும் நெய்யும் வந்தாலும் குழப்பம் வராது. நம்பர் போட்டவர் வேலையை விட்டுப் போனால் காரணமும் அவரோடு போய்விடும்.

வழி தெரியாமலும் இல்லை. 2000இல் வந்த நெட்பிஎஸ்டி 1.5இலேயே ஒவ்வொரு ஸ்கிரிப்டும் "நான் தருவது இது, எனக்கு முன்னால் வேண்டியது இது" என்று தலையில் எழுதிக்கொண்டது. வரிசையை ஆர்சிஆர்டர் என்ற நிரல் போட்டது. 2003இல் ஃப்ரீபிஎஸ்டி 5.0 அதை எடுத்துக்கொண்டது. டெபியன் இப்படி மாற 2011 ஆனது. இன்னொன்று: பிஎஸ்டியில் சிங்கிள் யூசர் என்றால், இந்த ஸ்கிரிப்ட்கள் ஓடுவதற்கு முன்பே ஷெல் கைக்கு வந்துவிடும். எவர் என்ன கிறுக்கி வைத்திருந்தாலும் பின்வாசல் திறக்கும்.

"நம்பர் எளிமை சார், எத்தனை வருஷம் ஓடியது!" என்பார்கள். எளிமை எழுதியவருக்கு. நடுராத்திரியில் படிப்பவருக்கு அல்ல.

"அதான் சிஸ்டம்டி வந்துவிட்டதே, இன்னும் ஏன் புலம்பல்?" என்றும் கேட்பார்கள். இன்றைக்கும் "ரிக்வயர்ஸ்" போட்டுவிட்டு "ஆஃப்டர்" போட மறக்கிறார்கள். முன்னது தேவையை மட்டும் சொல்லும், வரிசையைச் சொல்லாது. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பும். சரியாக வரவில்லையா, "ஸ்லீப் 30" போடு! இது எஸ்100க்குத் தம்பி. அங்கேயும் ரெஸ்க்யூ மோடுக்கு முன்னால் சிஸ்இனிட் என்ற கட்டம் ஓடியாக வேண்டும். அதற்குள் கண்டதைத் திணித்தால் மறுபடி பூட்டிய பின்வாசல்தான்.

கேட்பது இரண்டே இரண்டு. பழுது பார்க்கத் தேவையில்லாத எதையும் பின்வாசலில் வைக்காதீர்கள். எதையாவது சேர்த்தால், ஒரு தடவை சிங்கிள் யூசரில் பூட் செய்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். பத்து நிமிஷ வேலை. செய்யாவிட்டால் மாட்டப்போவது அநேகமாக நீங்கள் அல்ல. ஊருக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கும் எவனோ ஒரு அப்பாவி.