இந்திர லால் ராயும் என் கணினியும்

கரியாஹாட்டில் நான் வாடகைக்கு இருக்கும் அறையிலிருந்து பவானிபூரின் இந்திர ராய் சாலை அதிகத் தொலைவில் இல்லை. கொல்கத்தாவில் பிறந்து, முதல் உலகப்போரில் பத்து வான்வெற்றிகள் ஈட்டிய இந்திர லால் ராயின் பெயர் அது. அவரது போர்வாழ்வை 'ரைஸ் ஆஃப் ஃப்ளைட்' என்னும் விமானப்போர் விளையாட்டில் மறுபடி நிகழ்த்திப் பார்க்க ஒரு மாத இரவுகளைச் செலவிட்டேன். (ஆய்வேடு காத்திருக்கிறது, நெறியாளர் இதைப் படிக்கமாட்டார் என நம்புகிறேன்.)

எஸ்.இ.5ஏ விமானம் அழகாகவே பறக்கிறது. ஆனால், இவ்விளையாட்டு வரலாற்றை எண்ணிக்கையாகச் சுருக்குகிறது என்பதே என் குறை. 1918 ஜூலையில் இரண்டே வாரங்களில் ராய் பெற்ற பத்தில் ஐந்து மட்டுமே 'அழிக்கப்பட்டவை'. ஏனைய ஐந்தும் 'கட்டுப்பாடிழந்து வீழ்ந்தவை'. தன் முதுகையும் காத்துக்கொள்ள வேண்டிய விமானி, எதிரி தரையில் மோதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. அந்த ஐயத்துக்கு விளையாட்டில் இடமில்லை.

1917 டிசம்பரில் விபத்துக்குள்ளாகி, பறக்கத் தகுதியற்றவரென மருத்துவர்களால் ஒதுக்கப்பட்டு, விமானங்களை வரைந்தபடி அவர் தரையில் கழித்த மாதங்களுக்கும் இடமில்லை. எனக்கோ அவையே அவரது வாழ்வின் கடினமான பகுதியாகத் தோன்றுகின்றன. அவற்றை நான் ஒரு பொத்தானை அழுத்திக் கடந்தேன்.

ஜூலை 22 அன்று கார்வின் நகருக்கு மேலே ஃபோக்கர் விமானங்களுடனான சண்டையில் ராய் இறந்தபோது வயது பத்தொன்பது. என் திரையில் ஜூலை 21 முடிந்துவிட்டது. மூன்று நாட்களாக அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.