பாடபேதமும் குரோம் பூச்சும்

பழைய புல்லட்டுகளைப் 'புதுப்பித்தல்' என்ற பெயரில் இன்று நம் நகரங்களில் நடப்பது பெரும்பாலும் அழித்தல் என்பதே என் கட்சி. இதைச் சொன்னால் நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுள் இருவர் அண்மையில் பெரும் பொருட்செலவில் தம் தகப்பனார் வண்டிகளைப் பளபளக்கச் செய்து, படமெடுத்துச் சுற்றுக்கு விட்டவர்கள். அவர்களுடைய பாசத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் பாசத்தால் செய்யப்பட்டது என்பதனாலேயே ஒரு செயல் சரியாகிவிடாது. பாசத்தோடுதான் நம் கோயில் தூண்களுக்கு மணற்பீச்சு அடித்தார்கள். பாசத்தோடுதான் கல்வெட்டுகளின் மேல் சுண்ணாம்பு பூசினார்கள்.

தமிழாசிரியனுக்கு மோட்டார் சைக்கிளில் என்ன வேலை என்று கேட்போருக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். பழைய பொருள் ஒன்றைக் கையில் எடுப்பவன் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, தொட்டதை எப்படிப் பதிவு செய்யவேண்டும் என்னும் கேள்விகளை இந்த மொழியில் மிகக் கறாராக எழுப்பி விடை கண்டவர்கள் பதிப்பாசிரியர்கள். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது 267, 268 ஆகிய இரண்டு பாடல்களும் அவருக்குக் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. அவருக்கிருந்த புலமைக்கு அந்த இடங்களை நிரப்பிவிடுவது ஒரு பிற்பகல் வேலை. ஓசை பிசகாமல், திணை துறை வழுவாமல் நிரப்பியிருக்க முடியும். எவரும் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார்கள். அவர் புள்ளியிட்டு விட்டுவிட்டார். 1904இல் பதிற்றுப்பத்தை வெளியிட்டபோதும் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லாமலேயே வெளியிட்டார். பெயரில் பத்துப் பத்து, நூலில் எட்டுப் பத்து. அந்தக் குறையோடுதான் நாம் அதை நம்புகிறோம். குறையை மறைக்காததனால்தான் நம்புகிறோம் என்றுகூடச் சொல்லலாம்.

இனிப் புல்லட்டுக்கு வருவோம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் முதலில் பாகங்களைப் பூட்டினார்கள். பின்பு பாகங்களையே வார்த்தார்கள். தாய் நிறுவனம் மூடப்பட்ட பின்னும் 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட அந்த 346 சி.சி. வார்ப்பிரும்பு இன்ஜின் வடசென்னையில் பல பத்தாண்டுகள் உயிரோடிருந்தது. மூலச்சுவடி அழிந்து படி மட்டும் பிழைத்த நூல்களைப் பற்றி வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த வண்டி நினைவுக்கு வரும். ஒவ்வொரு படியிலும் எழுதினவன் கை தெரியும். பெட்ரோல் டேங்கின் பக்கவாட்டில் ஓடும் பொன்னிறக் கோடு அச்சில் வந்ததன்று, ஒட்டியதன்று. ஆலையில் ஒருவர் தூரிகை பிடித்து மூச்சடக்கி இழுத்தது. இரண்டு டேங்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வளைவு திரும்பும் இடத்தில் கை சற்றே வேறுபட்டிருப்பது தெரியும்.

புதுப்பிக்கும் பட்டறையில் இந்தக் கோட்டுக்கு என்ன நேர்கிறது? வண்டி போய்ச் சேர்ந்த முதல் நாளே டேங்க் கழற்றப்பட்டு, பெயிண்ட் உருக்கும் மருந்து தடவப்பட்டு, மாலைக்குள் வெறுந்தகடாகிவிடுகிறது. பிறகு பட்டி, பிரைமர், கண்ணைப் பறிக்கும் வண்ணம், கடைசியில் ஒட்டுக்கோடு. மட்கார்டுக்கும் சைலன்சருக்கும் குரோம். ஆலை குரோம் பூசாத கைப்பிடித் தாங்கிக்கும் பெட்டி மூடிக்கும் சேர்த்துக் குரோம். முன்விளக்குக் கூட்டின் மேல் பதிந்திருந்த ஆம்ப் மீட்டர் 'வேலை செய்யவில்லை' என்று பிடுங்கப்பட்டு, அந்த ஓட்டையில் பளபளப்பான மூடி ஒன்று. அந்தச் சிறு முள் இருந்ததற்குக் காரணம் உண்டு. பழைய பாயிண்ட் வண்டியில் சாவியைத் திருகி, கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் மூடும்போது முள் இடப்பக்கம் சாயும். திறக்கும்போது நடுவுக்கு வரும். முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஷன் பிடியை இழுத்து, பிஸ்டனை உச்சியிலிருந்து மயிரிழை தாண்டவைத்து, பிடியை விட்டு உதைக்கவேண்டும். ஒரே உதையில் எழும். முள்ளைப் பார்க்காமல் உதைப்பவனின் கணுக்காலை வண்டி 'ரிட்டன் அடித்து' வீங்கவைக்கும். ஆம்ப் மீட்டரைப் பிடுங்கியவன் அலங்காரம் ஒன்றை நீக்கியதாக எண்ணுகிறான். அவன் கிழித்துப் போட்டது வண்டியின் உரைநூலை.

இதுவரை சொன்னது தோல். உள்ளே நடப்பது இன்னும் கொடுமை.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நின்றுபோன புல்லட்டை ஓடவைக்க உண்மையில் என்ன வேண்டும் என்பதை என் தாய்மாமன் விட்டுச்சென்ற 1974ஆம் ஆண்டு வண்டியின் பொருட்டு எங்களூர் மெக்கானிக் ஒருவருடன் ஆறு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். எழுபதை நெருங்குகிறவர். முதல் வாரம் அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை என்று சொல்லலாம். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே டீசலும் இன்ஜின் எண்ணெயும் கலந்து ஊற்றினார். "உதைக்காதீங்க சார். ஊறட்டும்" என்றார். சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிக்கொண்ட பிஸ்டன் வளையம் ஊறினால் விடும், உதைத்தால் உடையும். நான்கு நாள் கழித்து டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை ஒரு விரற்கடை முன்னும் பின்னும் அசைத்தார். ஆறாம் நாள் இன்ஜின் முழுச்சுற்றுச் சுற்றியது.

அடுத்தது எண்ணெய். இந்த இன்ஜினில் எண்ணெய்க்குத் தனி அறை உண்டு. ஓடும்போது பம்பு அதை மேலேற்றித் திருப்பிக் கொண்டுவரும். நெடுநாள் நின்ற வண்டியில் அந்த எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அடியில் கூழாகப் படியும். இதை அறியாமல் மேலே புது எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்பவர்கள் உண்டு. கனெக்டிங் ராடின் பெருமுனையில் இந்த வண்டிக்கு உருளை பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ். எண்ணெய்ப் படலம்தான் அதற்கு உயிர். படலம் வருமுன் வேகம் பிடித்தால் சில நிமிடங்களில் காயம்பட்டுவிடும். அவர் அடித்திருகைக் கழற்றிக் கூழை வடித்தார், பில்டரை மாற்றினார், இன்ஜினைக் கையால் சுற்றிக்கொண்டே ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டை அரைச்சுற்றுத் தளர்த்தி, அங்கே எண்ணெய் கசிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பெட்ரோல் பற்றிப் பேசினார்.

பெட்ரோல் பகுதியை விரித்துச் சொல்லத் தேவையில்லை. டேங்கினுள் மண்ணெண்ணெயும் ஒரு பிடி நட்டுகளும் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தார். கார்புரேட்டரின் ஜெட்டுகளில் பிசினாய் உறைந்திருந்ததைக் கரைத்தார். பாயிண்டைத் தேய்த்து 0.35 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் இடைவெளி வைத்தார், கண்டன்சர் புதிது. டயர், டியூப், பிரேக் லைனர், கேபிள்கள் அனைத்தும் புதியவை. இவற்றை மாற்றுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பாகங்கள் இவை. ஓலை கட்டும் கயிற்றை மாற்றியதற்காக எந்தப் பதிப்பாசிரியனும் வருந்தியதில்லை.

ஆனால் சிலிண்டர்? அவர் அதைக் கழற்றி அளந்தார். தேய்மானம் வரம்புக்குள் இருந்தது. உள்ளே மெல்லிய துருக்கறை. தேய்த்து, வளையங்களை மட்டும் மாற்றிப் பூட்டினார். இதே வண்டிக்கு நகரத்துப் பட்டறை ஒன்று முன்பு எனக்குக் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் முதல் வரியே 'ரீபோர், ஓவர்சைஸ் பிஸ்டன்' என்றிருந்தது. சிலிண்டரைக் கழற்றவில்லை, அளக்கவில்லை; பார்க்காமலேயே எழுதியது. ஒருமுறை போர் போட்டால் சுவரிலிருந்து போன இரும்பு திரும்பி வராது. சில முறைகளுக்கு மேல் போட இடமும் இராது. பிறகு சிலீவ் அடிக்கவேண்டும். ஓரம் செல்லரித்த ஓலையை 'அழகாக இருக்கட்டும்' என்று ஒவ்வொரு தடவையும் நறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் எழுத்தில்தான் கத்தி விழும்.

எதிர்வாதங்களை நான் அறியாதவனல்லன். துரு ஒரு நோய், அதை விட்டுவைக்கச் சொல்கிறாயா என்பார்கள். சட்டத்தைத் தின்னும் துருவைச் சுரண்டத்தான் வேண்டும், உயிர்ப்பிரச்சினை அது. டேங்கின் மேல் மங்கிய வண்ணமும் முழங்கால் உரசி உரசித் தேய்ந்த இடமும் நோயல்ல. என் மாமா முப்பது ஆண்டு ஓட்டினார் என்பதற்கு அந்தத் தேய்மானத்தைத் தவிர வேறு ஆவணம் என்னிடம் இல்லை. 'ஆலையிலிருந்து வந்தபடியே ஆக்குகிறோம்' என்பது இன்னொரு வாதம். இது கேட்க நன்றாயிருக்கிறது. ஆலையிலிருந்து எப்படி வந்தது என்பதற்கு எஞ்சியிருந்த ஒரே சான்றை முதல் நாளே மருந்து தடவி உருக்கிவிட்டு, பிறகு எதைப் பார்த்து ஆக்குகிறீர்கள்? பக்கத்துப் பட்டறை வண்டியைப் பார்த்து. அவர் அதற்கடுத்த பட்டறையைப் பார்த்து. ஏடெழுதுவோர் பிழை பெருகும் விதம் இதுவேதான்.

'என் வண்டி, என் பணம், உனக்கென்ன' என்பதே வலுவான வாதம். சட்டப்படி உண்மை. ஏட்டுச்சுவடிகளையும் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்கள் தம் சொந்தச் சுவடிகளைத்தான் விட்டார்கள்.

அரசாங்கமும் இந்த விஷயத்தில் ஒரு கருத்துச் சொல்லியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்கள் என வகைப்படுத்துகின்றன. ஆனால் அவை மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும், சட்டகத்திலோ உடலிலோ இன்ஜினிலோ கணிசமான மாற்றம் கூடாது. படித்தபோது என் கட்சிக்கு டெல்லியில் ஓர் ஆள் இருக்கிறார் என்றே மகிழ்ந்தேன். அடுத்த பத்தியில் மகிழ்ச்சி போயிற்று. இருபதாயிரம் ரூபாய் கட்டி 'வி ஏ' என்ற எழுத்துகளோடு அந்தப் பதிவெண்ணைப் பெற்றால், வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஆய்வுக்கும் எண்ணெய் நிரப்பவும் பராமரிப்புக்கும் மட்டுமே சாலையில் எடுக்கலாம்; அன்றாடம் ஓட்டக்கூடாது. பட்டறைக்காரர் வண்டியைப் பொம்மையாக்குகிறார் என்றால் விதி அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்கிறது. நான் அந்த வழிக்குப் போகவில்லை. ஐந்தாண்டுக்கொருமுறை சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு, மூன்றெழுத்துப் பழைய எண்ணோடு கல்லூரிக்கு ஓட்டிச் செல்கிறேன். படிக்கப்படாத நூலை நூலகத்தில் பூட்டி வைப்பதில் எனக்கு என்றுமே நம்பிக்கை இருந்ததில்லை.

ஓட்டினால்தான் வேறொன்றும் பிழைக்கும். எங்களூர் மெக்கானிக் வண்டியின் பேச்சைக் காதால் வாசிப்பவர். 'திணறுது', 'அடைக்குது', 'தட்டுது', 'காத்து வாங்குது' என்று அவர் சொல்லும் ஒவ்வொரு வினைக்கும் இன்ஜினில் தனித்தனி இடமும் தனித்தனி மருந்தும் உண்டு. 'காத்து வாங்குது' என்றால் கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையே பொருத்து விட்டிருக்கிறது. அங்கே விரல் நுனியால் எண்ணெய் தடவினால் ஓட்டம் மாறும். இந்தப் பொருளில் இச்சொற்களை நான் எந்த அகராதியிலும் கண்டதில்லை. கலைச்சொல்லாக்கக் குழுக்களில் நாங்கள் கார்புரேட்டருக்குத் தமிழ் தேடிக்கொண்டிருந்தபோது, அதன் நோய்களுக்கெல்லாம் தமிழ் ஏற்கெனவே பட்டறையில் இருந்தது. அவருடைய மகன்கள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. அவரிடம் வருகிற இளைஞர்களோ, "அண்ணே, சவுண்டு வர்ற சைலன்சர் போடுவீங்களா, குரோம் யாரு பண்ணுவாங்க" என்றுதான் கேட்கிறார்கள். பாயிண்ட் எப்படி வைப்பது என்று கேட்டவன் இந்த ஆண்டில் ஒருவன்கூட இல்லையாம்.

2023 முதல் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக வந்தபின் அவருடைய அறிவு முன்னிலும் தேவைப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்து ரப்பரையும் தக்கையையும் கெடுக்கும். மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியில் பெட்ரோலை வடித்துவிட வேண்டும், டேங்கின் உட்புறம் எண்ணெய் பூச வேண்டும், குழாய்களைக் காலத்துக்கேற்ற ரப்பராக மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் பளபளப்பாக்கித் தருகிற எந்தப் பட்டறையும் சாவியோடு சேர்த்துச் சொல்லித் தருவதில்லை. மழைக்காலம் ஒன்று கழிந்ததும் அந்தக் குரோம் வண்டிகளுள் பாதி திணறிக்கொண்டு இவரிடம்தான் வருகின்றன.

ஆகவே தகப்பனார் வண்டியைப் பட்டறைக்கு அனுப்ப நாள் பார்த்திருக்கும் நண்பர்களிடம் சிலவற்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அனுப்புமுன் டேங்கின் இரு பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். அளந்து காட்டாமல் சிலிண்டரில் கை வைக்கக்கூடாது என்று தாளில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றையும், உடைந்த ஆம்ப் மீட்டர் உட்பட, சாக்கில் கட்டித் திருப்பித் தரச் சொல்லுங்கள். இல்லையேல் அவை புதுப்பேட்டையில் எடைக்குப் போய்விடும். அதற்கும் முன்னால், உங்கள் ஊரில் இப்படியொரு கிழவர் இன்னும் பட்டறை திறக்கிறாரா என்று விசாரியுங்கள். எங்களூரில் அவர் காலை ஒன்பதிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை இருக்கிறார், வெள்ளிக்கிழமை விடுமுறை.