போர்டு போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி...

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. பொங்கல் கழிச்சு ஊருக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து ஒரு விஷயம் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. எழுதிட்டா கொஞ்சம் பாரம் குறையும்னு இந்தப் பதிவு.

மன்னார்குடி பக்கத்துல எங்க சித்தப்பா வீடு. ஆறு மா நிலம் சொந்தம், மிச்சம் குத்தகை. சித்தப்பா பொண்ணு பி.காம் படிக்குது. காலேஜ்ல டேலி சொல்லித் தர்றாங்க, வீட்ல பழகிப் பார்க்க பொட்டி வேணும்னு கேட்டுச்சு. போன தீபாவளிக்கு தஞ்சாவூர்ல ஒரு கடையில ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்து செகண்ட்ஹேண்ட் டெஸ்க்டாப் ஒண்ணு வாங்கி, பஸ்ல மடியில வச்சுக்கிட்டே கொண்டு வந்தாரு.

தை மாசம் அறுவடை. கொள்முதல் நிலையத்துல உடனே எடுக்கல, நெல்லு மூட்டையெல்லாம் ஹால்ல வந்து உட்கார்ந்துருச்சு. பொட்டிய உள் ரூமுக்குத் தூக்கிப் போட்டாங்க. பத்து நாள் கழிச்சு திரும்ப மாட்டினா, ஃபேன் சுத்துது, திரையில ஒண்ணும் வரல. டவுன்ல ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போயிருக்காரு. அங்க இருந்த பையன் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்துட்டு, "போர்டு போச்சுண்ணே. மாத்தினா நாலாயிரத்து ஐந்நூறு. இல்லன்னா அப்படியே குடுத்துருங்க, ஆயிரத்து ஐந்நூறு தர்றேன்"னு சொல்லிட்டான்.

சித்தப்பா எனக்கு போன் பண்ணாரு. "தம்பி, நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, என்னப்பா செய்யலாம்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழைய பொட்டிதானே சித்தப்பா, போர்டாத்தான் இருக்கும். தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒரு லேப்டாப் வாங்கிடுங்க." மீட்டிங் நடுவுல, முப்பது செகண்ட்ல சொல்லிட்டு வச்சுட்டேன். நெல்லுப் பணம் கைக்கு வராத நேரத்துல ஒரு மனுஷன்கிட்ட லேப்டாப் வாங்குன்னு சொல்றோமேன்னு கூட தோணல. ஊருக்குப் போனப்ப அந்தப் பொண்ணு, "வேணாம்ணே, நான் காலேஜ் லேப்லயே பார்த்துக்குறேன், அப்பா கடன் வாங்கிடுவாரு"ன்னு மெதுவா சொன்னப்பதான் சுருக்குன்னுச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் பொட்டி தட்டுறவன். நாலு வருஷம் என்ஜினியரிங், அப்புறம் அஞ்சாறு வருஷம் வேலை. சிபியுன்னு நாம சொல்ற அந்த டப்பாவைக் கழட்டினது மொத்தமா ரெண்டு தடவை இருக்கும். ஆனா அன்னைக்கு ஸ்க்ரூ டிரைவரோட உட்கார்ந்தப்ப ஒண்ணு புரிஞ்சுது. இதுக்கு பெரிய படிப்பு வேணாம், வரிசை தெரிஞ்சா போதும்.

ஒரு கம்ப்யூட்டர் எப்படி எந்திரிக்குது? ப்ளக்ல மாட்டியிருந்தாலே எஸ்எம்பிஎஸ் அஞ்சு வோல்ட் கொஞ்சமா போர்டுக்குக் கொடுத்துக்கிட்டே இருக்கும், பொட்டி தூங்கினாலும். பவர் பட்டன் நேரா கரண்ட்டை விடுறது இல்ல. அது ரெண்டு பின்னைத் தொட வைக்குது, அவ்வளவுதான். போர்டு அதைப் பார்த்துட்டு எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பும். பன்னெண்டு, அஞ்சு, 3.3 வோல்ட் எல்லாம் நிலைக்கு வந்ததும் "கரண்ட் சரியா இருக்கு"ன்னு எஸ்எம்பிஎஸ் ஒரு சிக்னல் கொடுக்கும். அப்புறம்தான் பிராசசர் வேலையை ஆரம்பிக்கும், ராமைத் தேடும், திரையில படம் காட்டும், கடைசியா ஹார்ட் டிஸ்க்.

எந்தப் படியில நிக்குதோ அங்கதான் கோளாறைத் தேடணும். ஃபேனே சுத்தலையா, பிளக், ஒயர், எஸ்எம்பிஎஸ், பட்டன். ஃபேன் சுத்தி படம் வரலையா, முதல்ல மானிட்டர் கேபிள், அப்புறம் ராம். படம் வந்து விண்டோஸ் வரலையா, ஹார்ட் டிஸ்க், இல்லன்னா பயாஸ் செட்டிங். வாய்க்கால்ல தண்ணி வரலன்னா நேரா மேட்டூருக்கா போறோம்? மடையில ஆரம்பிச்சு மேல பார்த்துக்கிட்டே போவோம்ல, அதே கணக்குதான்.

சித்தப்பா வீட்டுப் பொட்டி ரெண்டாவது ரகம். ப்ளக்கைப் புடுங்கி, பவர் பட்டனைப் பத்து செகண்ட் அமுக்கி, மிச்சம் இருக்கற கரண்டை வடிச்சுட்டு மூடியைக் கழட்டினோம். உள்ள நெல்லுத் தூசி. ரெண்டு ராமையும் கழட்டிட்டு சும்மா போட்டுப் பார்த்தேன். கீ... கீ...ன்னு கத்துச்சு பாருங்க, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ராம் இல்லன்னு அழற போர்டு செத்த போர்டு இல்ல. கடைப் பையன் சொன்னதும், நான் போன்ல சொன்னதும் அந்த ஒரு நிமிஷத்துல பொய்யாப் போச்சு.

திரும்ப ப்ளக்கைப் புடுங்கிட்டு, ராமோட தங்க நிறக் கால்களை தங்கச்சியோட பென்சில் ரப்பரால லேசா தேய்ச்சு, துடைச்சு, டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கினோம். படம் வந்துருச்சு. ஆனா தேதியும் நேரமும் தப்பா இருக்குன்னு ஒரு மெசேஜ், எஃப்1 அமுக்கச் சொல்லுது. அமுக்கினா விண்டோஸ் பாதி வந்து நீலத் திரை, திரும்ப ரீஸ்டார்ட். இங்க யாரா இருந்தாலும் "ஹார்ட் டிஸ்க்கும் போச்சு"ன்னுதான் சொல்லுவாங்க.

போர்டுல ஒரு ரூபாய் காசு சைஸ்ல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032, மூணு வோல்ட். பொட்டி ப்ளக்ல இருக்கற வரைக்கும் அதுக்குப் பெரிசா வேலை இல்ல. ப்ளக்கைப் புடுங்கினா கடிகாரத்தையும் செட்டிங்கையும் அதுதான் காப்பாத்தணும். ஆபீஸ்ல இருந்தப்ப வருஷம் பூரா ப்ளக்ல கிடந்த பொட்டி, பேட்டரி சோர்ந்து போனது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. சித்தப்பா வீட்ல இடி மழைக்குப் பயந்து தினம் ராத்திரி ப்ளக்கைப் புடுங்கிடுவாங்க. அறுவடை நேரத்துல பத்து நாள் ப்ளக்கே இல்ல. பேட்டரி கையை விரிச்சதும் பயாஸ் செட்டிங் எல்லாம் பழையபடி ஆகிடுச்சு. ஹார்ட் டிஸ்க்கோட பேசுற முறை கூட மாறிடுச்சு. விண்டோஸ் போட்டப்ப ஏஹெச்சிஐன்னு இருந்திருக்கு, இப்ப ரெய்டுன்னு நிக்குது. முப்பது ரூபாய்க்கு புது பேட்டரி, தேதியைச் சரி பண்ணி, அந்த ஒரு செட்டிங்கை மாத்தினதும் டேலி எங்க விட்டுச்சோ அங்கேயே நின்னுது.

மொத்த செலவு முப்பது ரூபாய், ஒரு ரப்பர், ரெண்டு மணி நேரம்.

இதுல கடைப் பையனைத் திட்டணும்னு எனக்குத் தோணல. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்து முப்பது ரூபாய் பேட்டரி மாத்தினா அவனுக்கு யார் கூலி கொடுப்பா? "பேட்டரிக்கா இவ்வளவு கேக்குற?"ன்னு நாமளே சண்டைக்குப் போவோம். போர்டு மாத்தினாதான் அவனுக்குக் காசு. பொருளுக்குக் காசு கொடுக்கறோம், மூளைக்குக் கொடுக்க மாட்டேங்கறோம். அதனால என் முதல் கருத்து: டெஸ்ட் பண்றதுக்குன்னே தனியா கூலி கொடுங்க. இருநூறோ முந்நூறோ முதல்லயே பேசிடுங்க. அப்புறம் தைரியமா கேளுங்க, "எதை வச்சு போர்டு போச்சுன்னு சொல்றீங்க?"

கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னு சொன்னா நம்ம ஆளுங்க சும்மா விடுவாங்களா? மீட்டரைக் காட்டுன்னு நிப்பாங்க. கண்ணால பார்த்து நெல்லைத் தள்ளுபடி பண்ணா கொதிக்கிற அதே ஆள், கண்ணால பார்த்து ஒன்பதாயிரம் ரூபாய் பொட்டியைத் தள்ளுபடி பண்ணா தலையாட்டிட்டு வர்றாரு. ஏன்னா கம்ப்யூட்டர்னா படிச்சவங்க விஷயம்னு ஒரு பயம். அந்தப் பயத்தை வளர்த்து விட்டதுல என்னை மாதிரி ஆளுங்களுக்கும் பங்கு உண்டு.

இது ஒரு வீட்டுக் கதை இல்லைங்க. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமா தர்ற சப்போர்ட் முடிஞ்சுது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாவது தலைமுறை பிராசசராவது வேணும். நல்லா ஓடிக்கிட்டு இருக்கற பொட்டிகளை ஆபீஸ்கள் கழட்டி விடறதுக்கு இது ஒரு பெரிய காரணம். அதுதான் ரிச்சி தெரு மாதிரி இடங்கள் வழியா நம்ம ஊர் வரைக்கும் வருது. புதுசு வாங்க முடியாத வீட்டுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். 2022 டிசம்பர்ல மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு தளமே ஆரம்பிச்சுது. விவசாயக் கருவிகள், எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் அதுல வருது. நல்ல விஷயம்தான். ஆனா மூடியைத் திறந்து பார்க்கற பழக்கம் நமக்கு இல்லன்னா உரிமையை வச்சு என்ன பண்ண?

செகண்ட்ஹேண்ட் வாங்கறவங்களுக்கு மூணு விஷயம். மன்னார்குடி மதிலழகு சரி, பொட்டிய மதிலழகு பார்த்து வாங்காதீங்க. கடையிலேயே மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. போர்டுல கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தா வேணாம். ப்ளக்கைப் புடுங்கி பத்து நிமிஷம் கழிச்சுப் போடச் சொல்லுங்க, தேதி மாறினா பேட்டரி காலி. எப்படியும் புது பேட்டரி ஒண்ணு போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி தங்கச்சியை விட்டே ராமைக் கழட்டி மாட்டச் சொன்னேன். முதல் தடவை கை நடுங்குச்சு. ரெண்டாவது தடவை என்னைக் கேக்காமலேயே ப்ளக்கைப் புடுங்கிட்டு மாட்டிடுச்சு. பயாஸ் செட்டிங்கை நோட்டுல எழுதி வச்சுக்கிச்சு. சித்தப்பா காபியை நீட்டிட்டு, "நீ அன்னைக்கு போன்லயே இதைச் சொல்லியிருக்கலாமேப்பா"ன்னாரு. பதில் சொல்லத் தெரியல.

அடுத்த தடவை யாராவது கேட்டா, "தெரியல, பார்த்தாதான் சொல்ல முடியும்"னு சொல்லலாம்னு இருக்கேன்.

டிஸ்கி: எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீங்க. ப்ளக்கைப் புடுங்கின பிறகும் உள்ள இருக்கற கெப்பாசிட்டர்ல முந்நூறு வோல்ட்டுக்கு மேல நிக்கலாம். அது சந்தேகம்னா வேற ஒண்ணை மாட்டிப் பார்க்கறதுதான் வழி.