நோவைப் பொறுப்பது நோன்பு அல்ல

மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து, காயமும் ஆறிவிட்டது. "இனிச் சுகம்" என்று உறவினர் ஆறுதலடைகின்றனர். ஆனால் சார்செல்லில் வாழும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அக்குளிலும் மேற்கையின் உட்புறத்திலும் எரிவும் குத்தும் விடவில்லை. லாச்சப்பலில் வாங்கிய மரக்கறிப் பையைத் தூக்க முடியவில்லை. சந்நிதியில் கைகளைத் தலைக்குமேல் கூப்பவும் இயலவில்லை. "உயிர் தப்பியதே பெரிது, இது என் வினை" என்று அவர் எவரிடமும் சொல்லாதிருக்கிறார்.

இந்த நோ அவருக்கு மட்டும் உரியதன்று. டென்மார்க்கில் 3,253 பெண்களிடம் நடத்தப்பெற்று 2009 இல் வெளியான ஆய்வில், இரண்டு மூன்று ஆண்டுகளின் பின்னும் 47 வீதமானோர் நோ உண்டு என்றனர். மூன்று மாதம் கடந்தும் நீடித்தால் அது நாட்பட்ட நோ எனப்படும். அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றுகையில் மெல்லிய உணர்வு நரம்பு பழுதடைவது ஒரு காரணம்.

மனமும் இதில் பங்குகொள்கிறது. நோச் செய்தி மூளைக்குச் செல்லும் வழியில் முண்ணாணில் கூட்டவும் குறைக்கவும் படுகிறது என்று 1965 இல் மெல்சாக், வோல் என்னும் அறிஞர் இருவர் விளக்கினர். சத்திரசிகிச்சைக்கு முன்பே மிகுந்த பயமும், "இது ஒருபோதும் மாறாது" என்ற எண்ணமும் உடையவர்களுக்கு நோ நீடிக்கும் வாய்ப்புக் கூடுதல். இதனால் நோ கற்பனை என்று ஆகிவிடாது.

ஆகவேதான் உளச்சிகிச்சையை முன்கூட்டியே தொடங்க முயல்கின்றனர். அச்ச எண்ணங்களை இனங்கண்டு திருத்துதல், மூச்சைச் சீராக்கி உடலைத் தளர்த்துதல், பயந்து முடக்கிய கையைச் சிறிது சிறிதாக அசைக்கப் பழகுதல் ஆகியன இதில் அடங்கும். நியூயோர்க்கில் 200 பெண்களிடம் நடந்து 2007 இல் வெளியான ஆய்வில், சத்திரசிகிச்சைக்கு முன் 15 நிமிட அறிதுயில் பெற்றோருக்கு நோவும் குமட்டலும் களைப்பும் குறைந்தன. பிரான்சில் நடந்து 2018 இல் வெளியான ஆய்விலோ களைப்புக் குறைந்ததேயன்றி நோ குறையவில்லை. நாட்பட்ட நோவை உளச்சிகிச்சை நிச்சயம் தடுக்கும் என்று இன்னும் கூற இயலாது. அது மருந்துக்கும் பயிற்சிக்கும் துணையேயன்றி மாற்று அன்று.

பிரான்சில் 'மோன் சுத்தியேன் ப்சி' என்னும் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 12 தடவை வரை உளவியலாளரைச் சந்திக்கலாம். 2024 முதல் வைத்தியரின் கடிதம் அவசியமில்லை. மொழி தடையானால் வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மகனையோ மகளையோ மொழிபெயர்க்க வைத்தால், பிள்ளை கலங்குமே என்று தாய் தன் பயத்தை மறைத்துவிடுவாள். புதிதாகத் தோன்றும் நோவையும் கூடிவரும் நோவையும் தாமதியாமல் காட்டுங்கள்.

"பூச்சியம் முதல் பத்து வரை உங்கள் நோ எவ்வளவு?" என்று வைத்தியர் கேட்பார். வெட்கத்தால் இரண்டு என்று சொல்லாதீர்கள். ஏழு என்றால் ஏழு என்றே சொல்லுங்கள்.