கார் நிறம் மாற்ற ராப்பா, பெயின்ட்டா? கடையில் சொல்லாமல் விடுவது என்ன?

கார் வாங்கி நாலைந்து வருஷம் ஆனதும் பலருக்கும் வரும் ஆசை இது. இன்ஜின் நல்லாத்தான் ஓடுகிறது, இஎம்ஐ-யும் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, ஆனால் அந்த வெள்ளை நிறம் அலுத்துப்போச்சு. மேட் கிரே கார் ஒன்று மழையில் வழுக்கிக்கொண்டு வரும் ரீல்ஸைப் பார்த்த பிறகு சொந்த கார் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. சென்னை ஜி.பி. ரோடு பக்கம் விசாரித்தால், ‘ராப் போடுங்க சார், மூணு நாள்ல புது வண்டி’ என்பார்கள். பட்டறையில் கேட்டால், ‘ஸ்டிக்கரை நம்பாதீங்க தம்பி, ஃபுல் பெயின்ட் அடிச்சிட்டா கவலையே இல்ல’ என்பார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் பர்ஸைப் பதம் பார்க்கும்.

நேரடியாகவே சொல்லிவிடலாம். கம்பெனி பெயின்ட் நன்றாக இருக்கும் காருக்கு, நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் மறுபடி பெயின்ட் அடிப்பது நஷ்டம். பெயின்ட் ஏற்கெனவே உரிந்து, துரு எட்டிப் பார்க்கும் காருக்கு ராப் போடுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

ஏன் கம்பெனி பெயின்ட்டுக்கு இவ்வளவு மரியாதை? தொழிற்சாலையில் காரின் வெற்று உடலை முழுசாகத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, முதல் பூச்சை ஏற்றுகிறார்கள். கைபோகாத இடுக்கிலும் அது போய் ஒட்டும். துருவுக்கு எதிரான உண்மையான காவல் அதுதான். அதன்மேல் பிரைமர், நிறம், கடைசியில் பளபளப்புக்கும் வெயிலைத் தாங்கவும் கிளியர் கோட். இந்த அடுக்குகள் அத்தனையும் சேர்ந்தாலே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். ஏ4 தாள் ஒன்றின் தடிமன் சுமார் 100 மைக்ரான் என்றால் கணக்கு புரியும். வயரிங், சீட், பிளாஸ்டிக் எதுவும் மாட்டாத நிலையில் அந்த உடலை அடுப்பில் 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட முடிகிறது. ஓடிக்கொண்டிருக்கும் காரை அப்படிச் சுட்டால் டேஷ்போர்டே உருகிவிடும். அதனால் நல்ல பெயின்ட் பூத்தில்கூட 60 டிகிரி பக்கம்தான் வைப்பார்கள். மீதி வேலையை ஹார்ட்னர் என்கிற ரசாயனம் பார்க்கிறது.

இதனால் ரீபெயின்ட் என்றாலே மட்டம் என்று அர்த்தமில்லை. தூசி வராத பூத்தில், கதவு, பம்பர், விளக்கெல்லாம் கழற்றி, பொறுமையாகச் செய்யும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் அப்படிச் செய்தால் ஆகும் செலவும் நாட்களும் வேறு. பட்ஜெட்டுக்குள் முடிக்கச் சொன்னால் ரப்பர் பீடிங்கின் மேல் டேப் ஒட்டி ஸ்ப்ரே அடிப்பார்கள். கொஞ்ச நாளில் அந்த ஓரத்திலிருந்துதான் பெயின்ட் செதில் செதிலாகக் கிளம்பும்.

விற்கும்போது இன்னொரு சிக்கல். பழைய கார் வாங்க வருபவர்கள் இப்போதெல்லாம் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியோடு வருகிறார்கள். ஒரு கதவில் 120, பக்கத்துக் கதவில் 300 என்று காட்டினால், ‘இங்க பட்டி பார்த்திருக்கு, வண்டி அடிபட்டதா?’ என்ற கேள்வி தானாக வரும். ஆசைக்கு அடித்த பெயின்ட்டை ஆக்சிடென்ட்டுக்கு அடித்ததில்லை என்று நிரூபிப்பது சுலபமில்லை.

சப்பாத்தி ஃபிலிம், தோசை ஃபிலிம்

ராப் என்பது பசை தடவிய மெல்லிய பிவிசி ஷீட். அதில் இரண்டு ஜாதி உண்டு. கேலண்டர்டு என்பது பிளாஸ்டிக்கை உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்துச் செய்வது. காஸ்ட் என்பது திரவமாக ஊற்றி, அப்படியே காயவைத்து எடுப்பது. சமையலறையில் நின்று பார்த்தால் உடனே புரியும். தேய்த்த சப்பாத்தி மாவு கையெடுத்ததும் லேசாகச் சுருங்கும். கல்லில் ஊற்றிய தோசை மாவு போட்ட இடத்தில் நிற்கும். கேலண்டர்டு ஃபிலிமும் வெயில் பட்டால் தன் பழைய அளவுக்குத் திரும்பத்தான் பார்க்கும். ஓரங்கள் விலகும், நடுவில் பசைக்கோடு தெரியும், அதில் தூசி ஏறிக் கறுப்பு வரியாகும். சமமான பரப்புள்ள விளம்பரப் பலகைக்கு அது போதும். பம்பரின் வளைவுகளுக்குக் காஸ்ட் ஃபிலிம்தான் சரி. இரண்டு கடைகளின் கொட்டேஷனில் பெரிய வித்தியாசம் இருந்தால், முதலில் கேட்க வேண்டியது எந்த ஜாதி ஃபிலிம் என்பதைத்தான்.

வெயிலின் கணக்கு தனி. பானெட்டும் கூரையும் நேராக வானம் பார்ப்பவை. கதவில் இருக்கும் ஃபிலிம் நன்றாக இருக்கும்போதே அங்கே வெளுத்து, வெடிக்கத் தொடங்கும். ஃபிலிம் கம்பெனிகளே வாரன்டியில் படுக்கைப் பரப்புகளுக்குக் குறைவான காலம்தான் தருகின்றன. ரோட்டோரத்தில் நிறுத்தும் காருக்கும் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் தூங்கும் காருக்கும் ஒரே ஆயுளைச் சொல்லும் கடைக்காரர், விற்பனையில் கெட்டிக்காரர்.

ராப்பின் பெரிய பலம், அதை உரித்துவிடலாம் என்பது. ஜெர்மனியில் டாக்ஸிகளுக்கென்று வெளிர் தந்த நிறம் ஒன்று உண்டு. அங்கே பலர் கறுப்பு, வெள்ளை கார்களை வாங்கி, அந்த நிறத்தில் ஃபிலிம் ஒட்டி ஓட்டுகிறார்கள். விற்கும் நேரத்தில் உரித்தால் உள்ளே வெயில் படாத பெயின்ட். கணக்கு போட்டுத் தொழில் செய்பவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

ஆனால் அந்தப் பலம் அடியில் இருக்கும் பெயின்ட்டைப் பொறுத்தது. பட்டி போட்டு லோக்கலாக டச்சப் செய்த இடத்தில், ஃபிலிமோடு சேர்ந்து பெயின்ட்டும் கையோடு வரும். புதிதாகப் பெயின்ட் அடித்த கையோடு ராப் போடுவதும் தவறு. உள்ளிருக்கும் கரைப்பான் ஆவியாகி வெளியேற சில வாரங்களாவது விட வேண்டும்.

இதையெல்லாம்விட பெரிய ஆபத்து பிளேடு. ஃபிலிமைக் காரின் மேல் ஒட்டிவிட்டு, விளிம்பில் கத்தியால் அறுக்கும்போது கை கொஞ்சம் அழுந்தினால் போதும், நூறு சொச்சம் மைக்ரான் பெயின்ட்டைத் தாண்டித் தகடுவரை போய்விடும். அன்றைக்குத் தெரியாது. மேலே ஃபிலிம் மூடியிருக்கும். இரண்டு மழைக்காலம், அதோடு ஈசிஆர் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று. உரிக்கும்போது கதவின் ஓரம் முழுக்க ஸ்கேல் வைத்துக் கிழித்தது போலத் துருக்கோடு. நல்ல கடைகளில் நைஃப்லெஸ் டேப் என்று ஒன்று வைத்திருப்பார்கள். முதலில் டேப்பை ஒட்டி, மேலே ஃபிலிம் போட்டு, டேப்புக்குள் இருக்கும் இழையை இழுத்தால் ஃபிலிம் அறுந்துவிடும். கத்திக்கே வேலை இல்லை. ‘அதெல்லாம் டைம் வேஸ்ட் சார், நம்ம கை பழகின கை’ என்று பதில் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

பெயின்ட்டருக்கும் ஒரு கணக்கு உண்டு. மேலே சொன்ன ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட் வகை ரசாயனம். தொழில் காரணமாக வரும் ஆஸ்துமாவுக்கு உலகம் முழுக்க அறியப்பட்ட காரணிகளில் அது முக்கியமானது. முறையான பூத்தும், வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியும் வேண்டிய வேலையை, தகரக் கொட்டகையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு செய்பவர்கள் இருக்கிறார்கள். மலிவான கொட்டேஷனில் கழிக்கப்படுவது பெரும்பாலும் அந்த முகமூடிதான். அடிபட்ட காருக்கு வேறு வழியில்லை. அலுப்புக்காக நிறம் மாற்றும் காருக்கு வழி இருக்கிறது. ராப் மட்டும் சுத்தம் என்று நினைக்கவும் வேண்டாம்: உரித்த ஃபிலிம் பசையோடு நேராகக் குப்பைக்குத்தான் போகிறது.

ஆர்டிஓ வேண்டாமா?

‘இது வெறும் ஸ்டிக்கர்தான், ஆர்சி-யில மாத்த வேண்டாம்’ என்பது கடைகளில் சர்வசாதாரணமாகக் கேட்கும் வசனம். ஆர்சி-யில் பதிவாகும் விவரங்களில் காரின் நிறமும் ஒன்று. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வாகன மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறது. ஹயர் பர்ச்சேஸ் ஒப்பந்தத்தில் ஓடும் காரில் மாற்றம் செய்யப் பதிவு பெற்ற உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. வெள்ளை என்று ஆர்சி சொல்ல, ரோட்டில் கறுப்பு வண்டி நின்றால், செக்கிங்கில் இருக்கும் போலீஸாரிடம் ஸ்டிக்கருக்கும் பெயின்ட்டுக்கும் உள்ள வேதியியல் வித்தியாசத்தை விளக்க முடியாது. முழு காரின் நிறத்தையும் மாற்றுபவர்கள் முன்கூட்டியே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு, ஆர்சி-யில் ஏற்றிவிடுவதே நல்லது. கூரைக்கு மட்டும் கறுப்பு, பக்கவாட்டில் ஒரு கோடு என்றால் இவ்வளவு தலைவலி இல்லை.

எந்த நிறமும் போடலாமா என்றால், அதுவும் இல்லை. ராணுவ ஜீப் லுக் என்று பலர் ஆசைப்படும் ஆலிவ் பச்சை, 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கு மட்டுமே.

இன்ஷூரன்ஸில் பெயின்ட்டுக்கு வழக்கமான கணக்கு உண்டு. ஜீரோ டெப் இல்லாத பாலிசியில் பெயின்ட் பொருளின் விலையில் 50% தேய்மானமாகக் கழிப்பார்கள். பில்லில் கூலியும் பொருளும் பிரிக்கப்படாவிட்டால், மொத்தத்தில் 25% பொருள் விலையாக எடுத்துக்கொள்ளப்படும். அதாவது 20,000 ரூபாய் பெயின்ட்டிங் பில்லில் 2,500 ரூபாய் கார்காரர் கையிலிருந்து போகும். ராப் கம்பெனி கொடுத்த பொருள் இல்லை. பாலிசியில் முன்கூட்டியே சொல்லிச் சேர்க்காவிட்டால், இடித்த கதவின் ஃபிலிமுக்குப் பணம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதே ரோல் நிறம் இரண்டு வருஷம் கழித்துக் கிடைத்தாலும், வெயிலில் வெளுத்த பக்கத்துக் கதவோடு சேராது.

இவ்வளவும் யோசிப்பதற்கு முன், ஒரு நல்ல டீட்டெய்லிங் கடையில் பானெட்டின் பாதியை மட்டும் பாலிஷ் போட்டுக் காட்டச் சொல்லலாம். நிறம் அலுத்துவிட்டது என்று வரும் கார்களில் நிறைய, கிளியர் கோட்டில் நுண்கீறல் விழுந்து மங்கியவைதான். பாலிஷ் போட்ட பாதியையும் போடாத பாதியையும் வெயிலில் நிறுத்திப் பார்த்துவிட்டு, ராப் கொட்டேஷனை மடித்து டேஷ்போர்டுக்குள் வைப்பவர்கள் உண்டு.