இரு விமானங்களுக்கிடையே

நம்மூர் முதியோர் பலர் இந்நாளிலே அவுஸ்திரேலியாவுக்குப் பறக்கின்றனர். பிள்ளைப்பேறு பார்க்கவும் பேரப்பிள்ளைகளைத் தாலாட்டவும் மக்கள் அழைக்கின்றனர். வழியிற் சிங்கப்பூரில் அடுத்த விமானத்துக்கு ஐந்தாறு மணி நேரம் காத்திருக்க நேர்கின்றது. அப்பொழுது அவர்கள் என் செய்கின்றனர்? ஒரு நாற்காலியிலமர்ந்து, கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி, விமானங்களின் பெயர் மாறும் பலகையையே பார்த்திருக்கின்றனர். "அப்பா, இருந்த இடத்தை விட்டு எழும்பவேண்டாம்" என்று மெல்பேணிலிருந்து மகன் இட்ட கட்டளை அது! ஒரு பள்ளிக்கூடத்தை முப்பதாண்டு கட்டியாண்டவரும் அதற்குப் பணிந்து பொதிபோல அனுப்பப்படுகின்றார். இது தகாது என்பதே என் கருத்து.

பத்துப்பாட்டிற் பாதி ஆற்றுப்படை. சென்று வந்தவன் செல்வோனுக்கு வழி கூறுதல் அதன் இலக்கணம். வழியிற் குந்தியிருக்கச் சொல்லுதல் அன்று. நம் முன்னோர் வீதிதோறும் சுமைதாங்கியும் கேணியும் மடமும் அமைத்தனர். பருத்தித்துறைத் தெருமூடிமடத்தினூடாக வீதியே செல்கின்றது. மடம் இளைப்பாறுதற்கு உரியது, அடைபட்டிருத்தற்கு உரியதன்று. சாங்கி விமான நிலையத்திலும் சுமைதாங்கி உண்டு. கட்டணங் கொடுத்துக் கைப்பையை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே போகலாம்.

இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் குறுகிய காலம் அந்நாட்டினுட் புக விசா வேண்டியதில்லை. வருகைப் படிவத்தை மாத்திரம் முந்திய மூன்று நாளுக்குள் இணையவழி நிரப்புதல் வேண்டும், கட்டணம் இல்லை. கட்டளையிடும் மகனே அதை நிரப்பித் தரட்டும். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. இறங்கியவுடன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்க.

இனிக் கணக்குப் பார்ப்போம். ஆறு மணி நேரம் உண்மையில் ஆறன்று. இறங்கிக் குடிவரவு கடந்து வெளியேற ஒன்று, அடுத்த விமானத்துக்கு முன்னதாகத் திரும்பியிருக்க இரண்டு, போக்குவரத்துக்கு ஒன்று. கையில் எஞ்சுவன இரண்டே. அவ்விரண்டில் மரீனா விரிகுடா, லிட்டில் இந்தியா, சைனா டவுன், ஓர்ச்சாட் வீதி அனைத்தையும் காண முயல்வோர் டாக்சியின் உட்புறத்தையே நன்கு காண்பர். ஐந்தரை மணியேனும் இடைவேளை உடையோர்க்கு விமான நிலையத்தாரே கட்டணமின்றி இரண்டரை மணி நேரச் சுற்றுலா நடத்துகின்றனர். நாற்காலியினும் அது நன்று. எனினும் ஓரிடத்தைத் தேர்ந்து அங்கே நிற்பதே யான் விரும்புவது.

யான் தேர்ந்தது காத்தோங் பகுதியிலுள்ள சிலோன் வீதி. விமான நிலையத்துக்கும் நகரின் நடுவுக்கும் இடையே கிடப்பது. நம் நாடு அப்பெயரை 1972 இல் நீக்கிற்று, அவ்வீதி நீக்கவில்லை. ஆங்கே ஸ்ரீ செண்பக விநாயகர் கோயில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் செண்பக மரத்தடியில் எழுந்ததென்பர். இன்றும் அதனைப் பேணி வருவது இலங்கைத் தமிழர் சங்கம். எழுதுவினைஞராயும் நில அளவையாளராயும் புகையிரதப் பகுதி ஊழியராயும் மலாயாவுக்குக் கப்பலேறிய நம்மவரின் வழித்தோன்றல்கள் கூடும் இடம் அது. அவர்தம் வரலாற்றை நம் வீட்டுப் பழம் படங்களில் மட்டுமே கண்டவர், காலைப் பூசை வேளையில் அங்கு அரைமணி நேரம் நின்று பார்த்தல் வேண்டும்.

வட்டுக்கோட்டையிற் பிறந்த எஸ். இராசரத்தினம் 1965 இல் அந்நாட்டின் முதல் வெளிவிவகார அமைச்சரானதைப் பலரும் அறிவர். ஆனால் அவருக்கு நெடுங்காலம் முன்பே, 1887 இல், யாழ்ப்பாணத்து வண்ணைநகர்ச் சதாசிவ பண்டிதர் அங்கே 'சிங்கைநகர் அந்தாதி'யை அச்சேற்றியதை எத்துணைப் பேர் அறிவர்? வண்ணையந்தாதியும் அவரே பாடினார். ஊரையும் புகுந்த நகரையும் அந்தாதியில் ஒருங்கே வைத்த புலவர் நடந்த மண்ணிற் கால் வையாது மேலே பறந்துவிடுதல், தமிழ் படித்தவர்க்கு எங்ஙனம் ஒப்பும்? (என் தொழிலார் ஒருவரைப் பற்றியதாகலின் யான் சற்றே மிகுத்துரைக்கின்றேன் எனின், உரைக்கட்டும்.)

ஐந்து மணிக்குக் குறைந்த இடைவேளையுடையோர் வெளியேறற்க. நோயுற்றோரும், இரு விமானத்துக்கும் தனித்தனிச் சீட்டெடுத்துப் பெட்டியை மீட்டும் பெற்று ஒப்படைக்க வேண்டியோரும் அங்ஙனமே. அவர்க்கு மகன் சொல்லே சரி.

ஏனையோர் திரும்புங்கால் மிஞ்சிய சில்லறையை உற்று நோக்குக. அந்நாட்டு நாணயத்தில் 'சிங்கப்பூர்' என்று தமிழிலும் பொறித்திருக்கும். அதனைக் கொடுத்து ஒரு 'தமிழ் முரசு' வாங்கலாம். கோ. சாரங்கபாணி 1935 இல் தொடங்கிய அந்நாளிதழை விமானத்திலே விரித்துப் படிக்கலாம். மெல்பேண் சேர ஏழு மணி நேரத்துக்கு மேல் உண்டு.