கைக்கு ஏற்ற துப்பாக்கி வேண்டும்!

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. தன் குறையை மறைக்க மற்றவற்றின் மீது பழி போடுகிறவர்களைப் பார்த்து நம் பாட்டிமார் சொன்னது இது.

நல்ல பழமொழிதான். ஆனால், சில வீடுகளில் கூடம் உண்மையாகவே கோணலாக இருக்குமே! அங்கே ஆடுகிறவளைத் திட்டி என்ன லாபம்?

துப்பாக்கி சுடும் போட்டியில் இந்த நியாயத்தைத் தெளிவாகப் பார்க்கலாம்.

கடலூரில் பிறந்த பெண்

துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இளவேனில் வளரிவன் என்ற வீராங்கனையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் 1999-ம் ஆண்டு நமது கடலூரில் பிறந்தவர். வளர்ந்தது குஜராத் மாநிலத்தில் உள்ள அகமதாபாத்தில்.

10 மீட்டர் தூரத்தில் உள்ள குறியை நீளமான காற்றுத் துப்பாக்கியால் சுடுவது அவருடைய ஆட்டம். 2019-ல் பிரேசில் நாட்டு ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றார். டோக்கியோ, பாரீஸ் ஒலிம்பிக் போட்டிகளிலும் கலந்து கொண்டார். அவருக்கு அர்ஜுனா விருதும் கிடைத்திருக்கிறது.

இந்தச் செய்திகளைப் படிக்கும் பெண் குழந்தைகளுக்கு ஆசை வருகிறது. "நானும் சுடப் பழகுகிறேன், அப்பா" என்கிறார்கள். நல்ல ஆசைதான். அப்பாவும் அம்மாவும் சில விஷயங்களைத் தெரிந்து கொண்டால் போதும்.

இது சினிமாத் துப்பாக்கி அல்ல

சினிமாவில் வில்லன் சட்டைப் பையில் இருந்து எடுத்து நீட்டுவானே, அந்தத் துப்பாக்கியை நான் சொல்லவில்லை. வெடிமருந்தால் சுடும் கைத்துப்பாக்கிக்கு 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். பழகத் தொடங்கும் பிள்ளைக்கு அது தேவையும் இல்லை.

போட்டியில் பழகுவோர் முதலில் எடுப்பது காற்றுக் கைத்துப்பாக்கி. அழுத்தி அடைத்த காற்று, 4.5 மில்லி மீட்டர் அளவுள்ள ஈயக் குண்டைத் தள்ளுகிறது. குறி 10 மீட்டர் தூரத்தில் இருக்கும். நடுவில் உள்ள 10 மதிப்பெண் வட்டத்தின் அகலம் 11.5 மில்லி மீட்டர்தான். சுண்டு விரல் நகம் அளவு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

துப்பாக்கியை ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும். மறு கை உதவக் கூடாது. துப்பாக்கியின் எடை ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது. இப்படிக் கையை நீட்டி 60 முறை சுட வேண்டும். அதற்கு 75 நிமிடம் தருகிறார்கள்.

பிடிதான் முக்கியம்

நெல் அறுக்கப் போகும் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருத்தி மற்றவளுடைய அரிவாளைத் தொட மாட்டாள். தன் அரிவாள்தான் தன் கைக்கு ஒத்து வரும் என்று அவளுக்குத் தெரியும். தையற்காரரின் கத்தரிக்கோலும் அப்படித்தான்.

துப்பாக்கிக்கு இந்த நியாயம் இன்னும் பலமாகப் பொருந்தும்.

துப்பாக்கியின் நுனியில் ஒரு சிறு முள் இருக்கிறது. பின்பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது. முள்ளைப் பள்ளத்தின் நடுவில் நிறுத்திச் சுட வேண்டும். இரண்டுக்கும் இடையே சுமார் 35 சென்டி மீட்டர் இருக்கும். முள் ஒரே ஒரு மில்லி மீட்டர் விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் குண்டு ஏறக்குறைய 3 சென்டி மீட்டர் தள்ளிப் போய் விழும். 10 மதிப்பெண் கிடைக்க வேண்டிய இடத்தில் 7 தான் கிடைக்கும்.

பெரிய கைக்குச் செய்த பிடியைச் சிறுமியின் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? விரல் விசைக்கு எட்டாது. எட்டிப் பிடிக்கக் கையைத் திருப்புவாள். துப்பாக்கியும் கூடவே திரும்பும். குண்டு ஒரு பக்கமாகவே போகும். "உனக்குக் கவனம் போதாது" என்று வீட்டில் திட்டு விழும். பாவம், அவள் என்ன செய்வாள்? கூடம் அல்லவா கோணல்!

வாங்கும் முன்பு பாருங்கள்

பெரிய கடையில் பெரிய விலை கொடுத்து வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போட்டிக்கு உரிய வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் விலை லட்சக் கணக்கில் போகிறது. பணத்தை எண்ணும் முன்பு பிள்ளையின் கையைப் பாருங்கள்.

பிடியைக் கையில் வைத்ததும், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள மடிப்பு, பிடியின் மேல் முனையில் நன்றாகப் போய் உட்கார வேண்டும். ஆள்காட்டி விரலின் முதல் கணுச் சதை விசையில் பட வேண்டும். விரலின் மற்றப் பாகம் துப்பாக்கியின் பக்கத்தில் உரசக் கூடாது. விசையை நேராகப் பின்னால் இழுக்க முடிய வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. குண்டு போடாத துப்பாக்கியைப் பயிற்சியாளர் முன்னிலையில் குறிப்பக்கம் நீட்டச் சொல்லுங்கள். பிள்ளை கண்ணை மூடிக் கொண்டு கையை உயர்த்தட்டும். பிறகு கண்ணைத் திறக்கட்டும். முள் பள்ளத்தின் நடுவில் தெரிந்தால் பிடி பொருந்துகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கினால், பிடி பொருந்தவில்லை.

பொருந்தாவிட்டால் துப்பாக்கியைத் தூக்கி எறிய வேண்டாம். மரப் பிடிகள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பல அளவுகளில் வருகின்றன. இடது கைக்காரருக்குத் தனிப் பிடி உண்டு. உறுத்துகிற இடத்தை உப்புத்தாளால் தேய்க்கலாம். இடைவெளி உள்ள இடத்தில் மரப் பசை வைத்து நிரப்பலாம். பெரிய வீரர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

நடுவில் நின்றுவிட்டால்?

பிடி பொருந்தினால் மட்டும் போதாது. துப்பாக்கி நம்பிக்கையானதாகவும் இருக்க வேண்டும்.

அரியானாவைச் சேர்ந்த மனு பாக்கர் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சுட்டுக் கொண்டிருந்தார். போட்டியின் நடுவில் அவருடைய கைத்துப்பாக்கி கோளாறு செய்தது. அதைச் சரி செய்வதற்குள் பல நிமிடங்கள் பறந்துவிட்டன. அவருக்கு 12-வது இடம்தான் கிடைத்தது. இறுதிச் சுற்றுக்கு 8 பேர்தான் போக முடியும்.

ஊரில் பலர் அந்தப் பெண்ணைத்தான் குறை சொன்னார்கள். பழைய பழமொழிதான்!

3 ஆண்டு கழித்து, 2024-ல் பாரீஸ் நகரில் அதே மனு பாக்கர் 2 வெண்கலப் பதக்கம் வாங்கினார். ஒலிம்பிக் துப்பாக்கி சுடும் போட்டியில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். கூடம் நேரானதும் ஆட்டம் எப்படி இருந்தது பார்த்தீர்களா?

ஆகவே, வாங்கும் முன்பு மேஜையில் தாங்கி வைத்து 10 குண்டு சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குண்டுகள் ஒரே துளையாக விழ வேண்டும். காற்று கசிகிறதா என்று பாருங்கள். பழுது பார்க்க ஆளும், மாற்று உறுப்பும் நம் பக்கத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். அழகையும் பெயரையும் கடைசியில் பார்த்துக் கொள்ளலாம்.

உழைப்பு வேண்டாமா?

"எல்லாம் துப்பாக்கியின் வேலைதானா? உழைப்பு வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும்.

ஹங்கேரி நாட்டில் கரோலி டகாக்ஸ் என்ற ராணுவ வீரர் இருந்தார். 1938-ல் பயிற்சியின்போது கையெறி குண்டு வெடித்து அவருடைய வலது கை சிதைந்தது. சுடும் கை அதுதான். அவர் அழுது கொண்டு உட்காரவில்லை. இடது கையால் பழகினார். 1948-ல் லண்டனிலும், 1952-ல் ஹெல்சிங்கியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

அது உழைப்பின் வெற்றி. சந்தேகமே இல்லை. ஆனால் வலது கைக்குச் செய்த பிடியை இடது கையில் திணித்தால் எந்த உழைப்பும் பலன் தராது. உழைக்கிற கைக்கு ஏற்ற கருவியைக் கொடுப்பதுதான் நியாயம்.

என் கருத்து இதுதான்

தொடக்கத்திலேயே லட்சக் கணக்கில் கடன் வாங்கித் துப்பாக்கி வாங்காதீர்கள். முதலில் சங்கத் துப்பாக்கியில் பிள்ளை பழகட்டும். ஆசை நிலைக்கிறதா என்று பாருங்கள்.

பயிற்சி கொடுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே அளவுத் துப்பாக்கியை எல்லாக் கையிலும் கொடுக்காதீர்கள். சிறிய கைக்கு ஒரு பிடியும், இடது கைக்கு ஒரு பிடியும் வாங்கி வையுங்கள். ஒரு புதுத் துப்பாக்கியின் விலையைப் பார்த்தால் இந்தச் செலவு பெரிதல்ல.

பாதுகாப்பை மட்டும் மறக்கக் கூடாது. துப்பாக்கியின் வாய் எப்போதும் குறியின் பக்கமே இருக்க வேண்டும். சுடும் நேரம் தவிர விரல் விசையில் இருக்கக் கூடாது. வீட்டில் பூட்டி வைக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கி கண்ணைப் பறித்துவிடும். விளையாட்டுப் பொருள் அல்ல.

கடலூரிலும், சிதம்பரத்திலும், பண்ருட்டியிலும் கூர்மையான கண்ணும் ஆடாத கையும் உள்ள பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கலாம். அவர்களில் ஒருத்தி குறி தவறும்போது உடனே திட்டாதீர்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். அவள் கையைப் பாருங்கள். அந்தக் கையில் இருக்கும் பிடியையும் பாருங்கள்.

பிறகு சொல்லலாம், கூடம் கோணலா, ஆட்டம் கோணலா என்று!